பெயிண்டுக்கு அடியில் மூன்று புள்ளி

ஒடிந்த பாகத்தைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று கொண்டுவருகிற ஆளை நான் நம்புவதில்லை. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் முப்பது வருஷமாகக் காஸ்ட் அயர்னுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த இரும்பு வளையாது, படக்கென்று ஒடியும். ஒடிந்த முகத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். புது உடைப்பு சாம்பல் நிறத்தில் சீனிபோல் மினுக்கும். பழைய விரிசல் துருப்பிடித்துப் பழுப்பாக இருக்கும். அதைத் துடைத்துக் கொண்டுவந்தால் எதையோ மறைக்கிறான் என்றுதான் எனக்குப் படும்.

என் புத்தி அப்படிப்பட்டது. வேறு எவனோ செய்த வேலையைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீங்க செஞ்சதுதான் ரோசாக் ஆயிடுச்சு, மறுபடி ஒடிஞ்சிருச்சு" என்று என் தலையில் கட்டப் பார்த்தவர்கள் உண்டு. அதிலிருந்து ஒரு பழக்கம். என் வெல்டிங்கின் ஓரத்தில் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனை உளியால் மூன்று புள்ளி குத்தி, அதன் மேல் பெயிண்ட் அடித்துத்தான் பொருளைக் கொடுப்பேன். இந்தப் புள்ளி விஷயம் என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

போன மழைக்காலத்தில் நிபோங் திபாலிலிருந்து காதர் பாய் வந்தார். அங்கே செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர். குலை ஏற்றி இழுக்கிற அவருடைய பழைய டிராக்டரில், முன் அச்சைத் தாங்கும் பிராக்கெட் இரண்டாக ஒடிந்திருந்தது. கூடவே அதை ஓட்டுகிற சன்னாசி. ஐம்பது வயதிருக்கும். துண்டுகளை டீசலில் கழுவி, கோணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"எங்கயோ கல்லுல கொண்டுபோய் மோதிட்டு, சும்மா போகும்போது உடைஞ்சிச்சுன்னு சொல்றான்லா. தாஸ் அண்ணே, நீங்க பாத்துச் சொல்லுங்க. மோதுனதுன்னா நாளைக்கே வீட்டைக் காலி பண்ணட்டும்" என்றார் பாய். சன்னாசி குடும்பத்தோடு இருப்பது தோட்டத்து வீட்டில். வேலை போனால் வீடும் போகும்.

"மோதலைண்ணே. காலியாத்தான் திரும்பி வந்துக்கிட்டு இருந்தேன். டப்புன்னு ஒரு சத்தம், அவ்ளோதான்" என்றார் சன்னாசி.

"அப்ப ஏன் கழுவினீங்க?"

"உங்க வொர்க்‌ஷாப்புக்குச் சேறோட கொண்டு வரலாமாண்ணே?"

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப நல்ல பதிலாக இருந்தது. ஆள் வேறு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறார் என்று முக்கால்வாசி முடிவு கட்டிவிட்டேன். பாய் போன் பேச வெளியே போனார்.

உடைந்த முகத்தை விளக்குக்கு நேராகத் திருப்பினேன். ஒரு பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பு. பழைய விரிசல். உடனே என் சந்தேகம் சன்னாசியை விட்டுவிட்டு, பாய்க்கு இந்த டிராக்டரை செகண்ட் ஹேண்டில் விற்றவன் மேல் பாய்ந்தது. அந்த இடத்துப் பெயிண்டைச் சுரண்டினேன். பழைய வெல்டிங் ஒன்று தெரிந்தது. எந்த மடையன் செய்த வேலை இது என்று திட்டிக்கொண்டே இன்னும் சுரண்டினேன்.

மூன்று புள்ளி.

முன்பு டிராக்டரை வைத்திருந்தவர் யாரோ என்னிடம்தான் கொண்டுவந்திருக்கிறார். விரிசலின் முனையில் சின்ன ஓட்டை போட்டால்தான் அது மேற்கொண்டு ஓடாமல் நிற்கும். அந்த முனை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். விரிசலுக்குள் போன எண்ணெய் பொடியில் ஈரக்கோடாக ஏறிவரும். கோடு முடிகிற இடம்தான் முனை. நான் அன்றைக்குப் பொடி போடாமல், கண்ணளவில் ஓட்டை போட்டிருக்கிறேன். விரிசல் என் ஓட்டையைத் தாண்டி இரண்டு விரல் ஓடியிருந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் என் கண்ணை மட்டும் நம்பியிருக்கிறேன்.

கிரைண்டர் பக்கத்திலேயே இருந்தது. வெல்டிங்குக்கு முன்னால் உடைந்த ஓரங்களைச் சரிவாகச் சீவுவது எப்படியும் செய்கிற வேலைதான். ஒரு நிமிஷம் ஓட்டினால் பழுப்பும் போகும், புள்ளியும் போகும். யாரும் கேட்கப்போவதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஸ்விட்சில் விரலை வைத்துவிட்டேன்.

"சரியாயிடுமாண்ணே?" என்று கேட்டார் சன்னாசி. அவர் கேட்டது பிராக்கெட்டைப் பற்றித்தான். விரலை எடுத்துவிட்டுப் பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், இவரு மோதலை. உள்ளுக்குள்ள பழைய விரிசல். முன்ன இதுக்கு வெல்டிங் அடிச்சது நான்தான். விரிசல் எங்க முடியுதுன்னு சாக்பீஸ் பொடி போட்டுப் பாத்திருக்கணும், பாக்கலை. தப்பு என்னோடது."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவன் உங்களுக்குச் சொந்தமா?"

நான் யாரை நம்பினேன், அவர் என்னை நம்ப? பிராக்கெட்டில் இருந்த மூன்று புள்ளியைக் காட்டி, இது என் அடையாளம் என்றேன். அடுத்த மேசையில் பெயிண்ட் அடித்து முடித்து வைத்திருந்த ஒரு பம்ப் மூடியை எடுத்து, அவர் எதிரிலேயே சுரண்டி, அதிலும் மூன்று புள்ளி இருப்பதைக் காட்டினேன். அதற்கப்புறம்தான் இறங்கிவந்தார். சன்னாசியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நாளைக்கு நீயே வந்து எடுத்துட்டுப் போய் மாட்டு" என்றார், அவ்வளவுதான். சன்னாசி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பிராக்கெட்டை நன்றாகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் அடித்து, சுத்தியலால் தட்டி, காய்ந்த மணலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டேன். மறுநாள் சன்னாசி வந்தபோது பெயிண்ட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"பெயிண்ட் அப்புறம் அடிக்கலாம்ணே. அந்தப் பொடியப் போட்டுக் காட்டுங்க."

இதையே வேறு யாராவது கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். இவரிடம் கோபம் வரவில்லை. என்னை இப்படிச் சந்தேகப்பட ஒரு ஆள் முப்பது வருஷத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துப் பொடியைத் தூவினேன். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பொடி வெள்ளையாகவே கிடந்தது. அவர் விரலால் தொட்டும் பார்த்துவிட்டு எழுந்தார். மேசையில் கிடந்த சென்டர் பஞ்சை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இப்பக் குத்துங்கண்ணே."