ரசம், குழம்பு, ஊறுகாய்

மூன்று வருசத்துக்கு முன்னால், வாய்க்காலில் தன் முறைக்கு வந்த நல்ல தண்ணீரை ஒரு பகல் முழுக்கப் பக்கத்துத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டு, ஒன்றுமே நடக்காதவள் போல மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போய்விட்டவள் சாந்தாமணி. அந்தப் பக்கத்துத் தோட்டம் ஜெபராணியுடையது.

ஜெபராணி அப்போதுதான் கணவனை இழந்து, முதல் தடவையாகத் தனியே வெள்ளாமை பார்த்தாள். சென்னிமலைக்குக் கிழக்கே, மேட்டு நெல் வயல்களில் பாய்ந்து வடிகிற தண்ணீரெல்லாம் ஓடையாகச் சேர்ந்து இவர்கள் இருவர் தோட்டத்தையும் ஒட்டி ஓடும். கசிவுத் தண்ணீர் என்பார்கள். மேலே போட்ட உரமும் மண்ணில் கிடந்த உப்பும் அதில் கரைந்து வரும். கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறதே என்று நம்பி, ஜெபராணி அதை அப்படியே மஞ்சளுக்கு இறைத்துவிட்டாள். இரண்டே மாதத்தில் இலையோரம் கருகி, பாத்தியெல்லாம் கோலப்பொடி சிந்தின மாதிரி வெள்ளை பூத்துவிட்டது.

அந்த உப்பைக் கழுவி இறக்கத்தான் அந்த ஒரு பகல் தண்ணீர். யார் விட்டது என்று தெரியாமல், கர்த்தரே அனுப்பினார் என்று வரப்பில் முழங்காலிட்டு அழுதாள் ஜெபராணி. ஒரு மாதம் கழித்துத்தான் வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் நாகூர் மீரான் சொன்னார்: "ஏனுங்க, தண்ணிய உங்களுக்கு விட்டுப்போட்டு சாந்தாமணியம்மா வெங்காயம் வாடுனது உங்க கண்ணுல படலீங்களா?"

ஓடிப்போய்க் கேட்டாள். "மடை தானா ஒடைஞ்சிருக்குமுங்க அம்மணி. எலித் தொந்தரவு," என்றாள் சாந்தாமணி.

சாந்தாமணிக்கு ஐம்பது வயசு. விடிந்ததும் பானைத் தண்ணீரில் மூன்று தடவை வாய் கொப்பளிப்பாள். ஓடையில் இறங்கி உள்ளங்கையில் அள்ளி, கண்ணை மூடி நாக்கில் வைத்து, இடப்பக்கமாகத் துப்புவாள். தீர்ப்பு மூன்றுதான். ரசம் என்றால் எந்தப் பயிருக்கும் விடலாம். குழம்பு என்றால் கிணற்றுத் தண்ணீர் பாதி கலக்க வேண்டும். ஊறுகாய் என்றால் மோட்டாரைத் தொடவே கூடாது. வாய்க்காலை அடைத்துவிட்டால் நல்ல தண்ணீர் சேராமல் ஓடை நாளுக்கு நாள் ஊறுகாய்ப் பக்கம் நகரும். இவள் நாக்கு சொல்கிறபடி பாய்ச்சி, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதுதான் ஜெபராணியின் மண் பழைய நிறத்துக்கு வந்தது.

மனிதர்களுக்கும் அவளிடம் இதே அளவுதான். சூலூர் மகன் போனில் பேசினால் ரசம். சம்பந்தியம்மா பேசினால் ஊறுகாய். ஜெபராணி கொண்டுபோன கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு, "உங்க சாமி பொறந்தநாளுக்கு இத்தனை உப்புங்களா? குழம்பையே தாண்டிப்போச்சுங்க," என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் தட்டு வாங்கினாள்.

கோயிலில் ஜெபராணி அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்காத ஞாயிறு இல்லை. "அப்படியே ஓடையப் பத்தியும் ஒரு வார்த்தை போட்டு வையுங்க," என்பாள் சாந்தாமணி.

போன வாரம், மருமகளின் பிரசவத்துக்காக அவள் சூலூர் கிளம்பினாள். வர மூன்று மாதமாகும். அப்போது வாய்க்கால் அடைத்து எட்டு நாளாகியிருந்தது. ஜெபராணியின் மஞ்சள், கிழங்கு பெருக்கிற நேரம். தப்பான பாய்ச்சல் நாலு போதும், மண் மறுபடி வெளுக்கும். இன்னொரு தடவை வெளுத்தால் தோட்டத்தை விற்பதைத் தவிர அவளுக்கு வழியில்லை.

அன்று காலை சாந்தாமணி பையோடு கரையிலேயே நின்றுகொண்டாள். "நீங்க வெச்சுப் பாருங்க."

ஜெபராணி மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லி, அள்ளி, நாக்கில் வைத்தாள். ரசம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. கிணற்றில் தண்ணீர் குறைவு. துப்பினாள். "குழம்புங்கக்கா."

சாந்தாமணி குனிந்து விரலைக்கூட நனைக்கவில்லை. நேராகப் போய், தன் வெங்காயத்துக்குக் கிணற்று மோட்டாரையும் ஓடை மோட்டாரையும் சேர்த்துப் போட்டாள். அந்த வெங்காயத்தையும் இனி ஜெபராணிதான் பார்க்க வேண்டும்.

பஸ் வந்தது. சாந்தாமணி படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அம்மணி, காப்பி குடிச்சுப்போட்டு நாக்குல வெச்சுறாதீங்க. அப்பறம் ஊறுகாயும் ரசமாத்தான் தெரியுமுங்க."