வெண்சாம்பலில் பதிந்த கைகள்

வெள்ளைப் பூசணிக்காய் ஒன்றை யார் தொட்டார்கள் என்பதை அக்காயே சொல்லிவிடும். முற்றிய காயின்மேல் விபூதி பூசினாற்போல் ஒரு வெண்சாம்பல் படிந்திருக்கும். கை அழுந்திய இடத்தில் அது அகன்று பச்சைத் தோல் தெரியும். ஒருமுறை அகன்றது மீண்டும் படியாது. என் பத்து வயதுப் பொறாமைக்கு எதிராகச் சாட்சி சொன்னவை அத்தகைய காய்களே ஆதலால், அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் சங்கராபுரத்தை அடுத்தது. பெரியப்பா கோடையில் கிணற்று நீரைக்கொண்டு பூசணி பயிரிடுவார். ஆனி மாதத்தில் காய் முற்றிவிடும். ஆயினும் உடனே விற்கமாட்டார். கொட்டகையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் காய்களைப் படுக்கவைத்து, ஆயுத பூசை வரை காத்திருப்பார். அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் கடை, பட்டறை, பேருந்து என்று எங்கெல்லாம் சக்கரம் சுழல்கிறதோ அங்கெல்லாம் திருஷ்டி கழித்துப் பூசணி உடைப்பார்கள். அதுவரை காய் அழுகாமல் காப்பதே எங்கள் வீட்டின் பெரிய வித்தை. பூசையன்று விடியலில் காய்களை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டி புறப்படும்போது, குவியலின் உச்சியில் ஒரே ஒரு பிள்ளைக்கு இடம் உண்டு. சிறுபெண் என்று சொல்லி அவ்விடத்தை எனக்கு மறுத்துவந்த பெரியப்பா, அவ்வாண்டுதான் முதன்முறையாகத் தலையசைத்திருந்தார்.

அவ்வாண்டுதான் சித்தப்பாவின் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் என்னினும் சற்று இளையவள். தாயை இழந்தவள். சித்தப்பா கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் மரவள்ளிக் காட்டில் வேலைக்கு இருந்தார். பெண்பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள அங்கே வசதியில்லை என்றார். ஆகவே அவள் முதலில் தன் மாமன் வீட்டிலும், பிறகு களமருதூரில் அத்தை வீட்டிலும் வளர்ந்து, கடைசியாக எங்களிடம் கைமாறி வந்தாள். கொண்டுவந்து விட்ட அன்று சித்தப்பா மலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே காப்பி குடித்தார்.

“பூசைக்கு எறங்கி வரேன் அண்ணி, வந்து இட்டுக்கினு போயிடறேன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மகளிடம் என்ன சொன்னாரென்று எனக்கு நினைவில்லை. அப்போது நான் அவளது ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்த நாள்முதல் எங்கள் வீட்டில் ‘பாவம்’ என்ற சொல் புழங்கத் தொடங்கிற்று. அடுத்த வீட்டார் வந்தால் பாவம். அம்மா கூழ் ஊற்றினால் பாவம், இன்னொரு கரண்டி. பிள்ளை பயந்துகொள்ளும் என்று அம்மாவின் பக்கத்துப் பாயும் அவளுக்கே போயிற்று. என்னை யாரேனும் ஒருமுறையாவது பாவம் என்று சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்கினேன். தாயும் தகப்பனும் அருகிலேயே இருக்கும் ஒரு பெண் அச்சொல்லைப் பெறுவது எத்துணை அரிது என்பதை அப்போது நான் கண்டுகொண்டேன்.

ஆனியில் காய் பறித்தார்கள். பெருங்காய்களைப் பெரியவர்கள் தலைச்சுமையாக இறக்குவார்கள். நடுத்தரக் காய்கள் பிள்ளைகளின் பங்கு. பெரியப்பா வண்டிமேல் நின்று ஒவ்வொன்றாக எறிவார். நாங்கள் கீழே நின்று பிடித்து, கொட்டகைக்குள் கொண்டுபோய் வைக்கோல்மேல் வைக்க வேண்டும்.

நான் கால்களை ஊன்றி, கைகளை முன்னே நீட்டி, அசையாது நின்றேன். காய் வந்து ‘பொத்’தென்று உள்ளங்கையில் மோதும். மோதிய இடத்திலேயே நிற்கும்.

“எம்மாங் கெட்டி பாரு இவ கையி!” என்றார் பெரியப்பா. எனக்கு ஓரடி உயர்ந்துவிட்டதுபோல் இருந்தது.

சித்தப்பா மகளோ வேறு விதமாகப் பிடித்தாள். காய் கைக்கு வந்து தொட்டதும், அதனோடு சேர்ந்தே கைகளைப் பின்னுக்கு இழுப்பாள், ஓரடி பின்வாங்குவாள், முழங்காலைத் தாழ்த்துவாள். காய் அவள் மார்பருகே வந்து அடங்கும்போது சத்தமே எழாது.

“இன்னாடி இவ, காயப் பாத்தா ஓடுறா! புடிக்கிறியா, கும்புடு போடுறியா?” என்று பெரியப்பா சிரித்தார். அவளும் சிரித்தாள். அச்சிரிப்பை இருவரும் பங்கிட்டுக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை.

நண்பகலுக்குள் என் உள்ளங்கைகள் செம்பருத்தி நிறம் கொண்டன. சோற்றுத் தட்டைத் தூக்கவும் இயலவில்லை. அவளது கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அவை காலையில் இருந்தபடியே இருந்தன. அக்கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நம்பினேன்.

“பெரிப்பா, அவளுக்கு மட்டும் மெதுவா எறியற நீ!”

“அடி போடி. எங் கையி உனக்கு ஒரு மாரி, அவளுக்கு ஒரு மாரியா எறியும்?”

நான் விடவில்லை. அவள் நின்ற இடத்தில் நான் நின்றேன். என் இடத்தில் அவளை நிறுத்தினேன். காய் முன்போலவே எனக்கு அறைந்தது. அவளிடம் முன்போலவே அடங்கியது. பெரியப்பாவின் ஓரவஞ்சனை இடம் மாறியும் வழி தவறவில்லை என்று முடிவுசெய்தேன். மாலையில் வண்டிமேல் நானே ஏறிக்கொண்டு, ஒரு காயைத் தலைக்குமேல் தூக்கி, வலிமை முழுவதையும் சேர்த்து அவளை நோக்கி எறிந்தேன். அவள் ஓரடிக்குப் பதிலாக இரண்டடி பின்வாங்கினாள். அவ்வளவே. “இது கொஞ்சம் ஜாஸ்திக்கா” என்று சொல்லி, காயைக் கொண்டுபோய் வைத்தாள்.

தோற்ற வழக்கை வேறு நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்வதுபோல், கொட்டகையை இரண்டாகப் பிரித்துத் தரவேண்டும் என்று கேட்டேன். வடக்குப் பக்கம் என் காய். தெற்குப் பக்கம் அவள் காய். என் காய்கள்மேல் என் இரு கைகளும் முத்திரை குத்தியதுபோல் விரல் விரலாகப் பதிந்திருந்தன. அவளுடையவற்றில் தீற்றலான மங்கிய தடமே இருந்தது. சில காய்களில் அதுவும் இல்லை. என் பிடியே பிடி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெரியப்பாவுக்கும் இது விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். “செரி, பூசைக்கு யாரு பக்கம் காய் நல்லா நிக்குதோ அவதான் வண்டில ஏறணும். செரியா?” என்றார்.

ஏற்கெனவே எனக்கென்று தலையசைத்த இடத்தை இப்படிப் பந்தயத்தில் வைத்துவிட்டாரே என்று உள்ளே கொதித்தேன். ஆயினும் நானே மூட்டிய வழக்கு. சரி என்றேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்:

“மலை பஸ்ஸு கள்ளக்குறிச்சிலதான நிக்கும், பெரிப்பா?”

“ஆமா, வேறெங்க நிக்கும்?”

அவளும் சரி என்றாள். பொரிகடலையையும் வண்ண விளக்கையும் விட்டுவிட்டுப் பேருந்தைப் பற்றிக் கேட்பவளை எண்ணி நான் நகைத்தேன்.

ஆடி போயிற்று. ஆவணி போயிற்று. பள்ளிவிட்டு வந்ததும் நான் கொட்டகைக்குள் சென்று என் பக்கத்தைப் பெருமிதத்தோடு பார்த்துவருவது வழக்கமாயிற்று. புரட்டாசி பிறந்த பின், ஒரு காலை நேரத்தில் அம்மா கொட்டகையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஏ புள்ள, உன் பக்கந்தான்டி நாறுது!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். மேலே பார்க்கக் காய்கள் முழுமையாகவே இருந்தன. ஒன்றைத் தூக்கியதும் அடிப்பக்கம் கையோடு குழைந்து வந்தது. அடுத்ததும் அவ்வாறே. வைக்கோல் நனைந்து கறுத்திருந்தது. தெற்குப் பக்கத்தில் அழுகிய காய் அரிதாகவே கண்ணில் பட்டது.

கூரை ஒழுகுகிறது என்றேன். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “கூரைக்கு உம்மேல இன்னாடி கோவம்?” என்றாள். எலி என்றேன். எலிக்குத் தெற்கும் வடக்கும் தெரியுமா என்று கேட்டாள். இறுதியாக என் உள்ளத்தில் இருந்ததையே சொன்னேன்:

“அவ மாத்தி வச்சிட்டாம்மா! எங்காய எடுத்து அந்தாண்ட வச்சிக்கினு, அவளோட அழுவலை இங்க தள்ளிட்டா!”

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். மெய்ப்பித்துக் காட்டுகிறேன் என்று நான் அழுகிய காய்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அவற்றில் மங்கிய தீற்றல் தென்படும் என்று உறுதியாக நம்பினேன். ஒவ்வொரு காயிலும் இரண்டு உள்ளங்கைகள், விரல் விரலாக, தெளிவாகப் பதிந்திருந்தன. நான் என் கையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆயினும் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்திற்று.

இதன் காரணத்தை நான் அறிந்துகொண்டது வெகுகாலம் கழித்து. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். என் மகன் படித்துமுடித்து அலமாரியில் போட்டுவைத்த இயற்பியல் நூலை, அவன் வேலைக்குப் போன பின், தனியே அமர்ந்து பக்கம் பக்கமாகப் படித்தேன். ஓடிவரும் பொருளின் நிறையையும் அதன் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம் என்று அந்நூல் கூறிற்று. பொருளை நிறுத்த வேண்டுமாயின் அவ்வுந்தம் முழுவதையும் எவரேனும் வாங்கியாக வேண்டும். வாங்கும் விசையை, அது செயற்படும் நேரத்தால் பெருக்கினால் வருவது கணத்தாக்கு. அது அழிந்த உந்தத்துக்குச் சமமாகவே இருக்கும். ஆகவே நேரம் சுருங்கினால் விசை பெருகும். நேரம் நீண்டால் விசை தணியும். பக்கத்தில் பந்தைப் பிடித்துக் கையைப் பின்னிழுக்கும் ஆட்டக்காரன் ஒருவனின் படம் இருந்தது. எனக்கு அங்கே பாவாடை கட்டிய ஒரு சிறுமிதான் தெரிந்தாள்.

பெரியப்பா இருவருக்கும் ஒரே வேகத்தில்தான் எறிந்திருக்கிறார். நான் சுவர்போல் நின்று இமைப்பொழுதில் நிறுத்தியதை, அவள் ஓரடி தூரம் நீட்டி நிறுத்தினாள். என் கை கன்றியதைப் போலவே, தோலுக்குக் கீழே காயும் கன்றியிருந்தது. கை ஆறிவிட்டது, காய் ஆறவில்லை. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றையெல்லாம் சமமாக வைத்துப் பார்ப்பதே நல்ல சோதனை என்று அதே நூலில் வேறோரிடத்தில் படித்தேன். ஒரே வயல், ஒரே கை, ஒரே வைக்கோல், இரண்டு பக்கம். அச்சோதனையை எங்கள் கொட்டகையில் அமைத்துக்கொடுத்தது என் பொறாமை.

பின்வாங்குவதால் வந்துசேர்வது குறைவதில்லை என்ற வரியின் அடியில் மட்டும் பென்சிலால் கோடிட்டேன். முழுவதையும் வாங்கித்தான் தீரவேண்டும். வாங்கும் விதம் ஒன்றே நம் கையில் உள்ளது.

இவையெல்லாம் அறியாத நான், பூசையன்று விடியலில் வாசற்கம்பத்தைப் பற்றிக்கொண்டு நின்றேன். வண்டியின் உச்சியில், வெண்சாம்பல் பாவாடையில் ஒட்ட, அவள் அமர்ந்திருந்தாள். அம்மா அவளுக்கு என் பச்சை ரிப்பனைக் கட்டிவிட்டிருந்தாள். பாவம், டவுனுக்குப் போகிறதாம்.

அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. அவள் பொரி தின்றுகொண்டிருப்பாள் என்று எண்ணினேன். சாலையில் உடைந்துகிடக்கும் காய்களைத் தாண்டித் தாண்டி நடப்பாள் என்று எண்ணினேன். எண்ண எண்ண எனக்குக் கண்ணீர் வந்தது.

பொழுது சாய வண்டி திரும்பிற்று. அவள் தானே இறங்கினாள். கையில் பொரிப் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. அதை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேனே ஒழிய முகம் கொடுக்கவில்லை.

“இன்னாடி பாத்த அப்படி?” என்றேன்.

“மலை பஸ்ஸு வந்துச்சிக்கா. மாலைலாம் போட்டுக்கினு, சந்தனம் வச்சிக்கினு.”

“அப்பறம்?”

“எல்லாரும் எறங்கனாங்க.”

“அப்பறம் இன்னா?”

“அப்பறம் இன்னா... காலியா நின்னுச்சி. பெரிப்பா போலாம்னாரு.”

பேருந்தையும் பார்த்துவிட்டாள், மாலையோடும் பார்த்துவிட்டாள் என்று எனக்கு மேலும் எரிந்தது. அம்மா உள்ளேயிருந்து பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் விலைபோகாது எஞ்சிய ஒரே காயை வண்டியிலிருந்து எடுத்து, “இந்தா பாப்பா, கொழம்புக்கு” என்று அவள் பக்கம் எறிந்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காய் வந்து கையைத் தொட்டதும், வழக்கம்போல் அதனோடு கைகளைப் பின்னுக்கு இழுத்து, ஓரடி பின்வாங்கி, முழங்காலைத் தாழ்த்தி, சத்தமே எழாமல் அதை மார்போடு வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள்.

அப்போதும் நான் நினைத்தது ஒன்றுதான்: அவளுக்கு மட்டும் மெதுவாகத்தான் எறிகிறார்கள்.