பின்கேட்டில் பிள்ளையார்

காலனிச் சங்க ஹாலில், எங்கள் தெருவே வெடித்துச் சிதறுவதைத் திரையில் காட்டினாள் வேதா. வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன மனித உருவங்கள் நின்றன. கடைசி வரிசையில் என் வீட்டில் மட்டும் யாரும் இல்லை. நான் விழிப்பதைப் பார்த்து, பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்.

"நீங்களும் அண்ணனும் மாடம்பாக்கம் கோயிலுக்குப் போயிருக்கீங்க அக்கா."

அண்ணன் என்பது என் வீட்டுக்காரர். நான் பயந்த சுபாவம். அது அவளுக்குத் தெரியும்.

வேதா எதிர்வீட்டில் அம்மாவோடு வாடகைக்கு இருந்த பெண். கேளம்பாக்கம் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. ஓர் இடத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் இரட்டைப் பிள்ளை போல உண்டாக்கி, அதில் வெடியைக் கிளப்பி, எந்தச் சுவர் விழும், யார் தப்பலாம் என்று பார்ப்பார்களாம். டிஜிட்டல் ட்வின் என்று பெயர். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிகிற மாதிரி சொல்லுவாள். பெருங்களத்தூரில் எங்கள் காலனி முன்வாசலை ஒட்டி கேஸ் சிலிண்டர் குடோனுக்கு அனுமதி கேட்டபோது, அந்த வேலை அவள் கைக்கே வந்தது.

முதலில் அரசாங்கம் ஒப்புதல் தந்த வரைபடத்தை வைத்துத்தான் செய்தாள். அதில் எல்லோரும் பின்கேட் வழியாக ஓடித் தப்பிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் நான் விபூதி கொடுத்தபோது, வேதா நீட்டிய கையை அப்படியே நிறுத்திச் சன்னதியைப் பார்த்தாள்; வரைபடத்தில் அந்த இடத்தில்தான் பின்கேட் இருந்தது. பின்கேட்டுக்கு நேரே ஒரு தெரு வந்து முட்டுகிறது. தெருக்குத்து ஆகாது என்று கேட்டை அடைத்துப் பிள்ளையார் கோயில் கட்டியிருந்தோம். விளக்கேற்றுவது நான்.

பிள்ளையாரையும் கம்ப்யூட்டரில் வைத்தாள். கடைசி வரிசை ஆட்கள் மொத்தமும் அவர் முதுகுப்பக்கம் குவிந்து விழுந்தது. ஹாலில் காட்டியது அதைத்தான்.

"பிள்ளையார் இருக்கற எடத்துல வெடிக்குமாம்மா?" என்றார் செயலாளர் தனசேகர். எல்லோரும் சிரித்தார்கள். "போன மாசம்தான் கும்பாபிஷேகம். இனி பன்னெண்டு வருஷம் கல்லத் தொடக்கூடாது."

"என் வாசல்ல வச்சிக்கிறேன் சார். நானே பாத்துக்கிறேன்" என்றேன்.

"உங்க வாசல் தெக்க பாத்தது அஞ்சம்மா." பிறகு வேதாவிடம் திரும்பினார். "கம்ப்யூட்டர்ல இருக்கற பிள்ளையார நகத்திடேன்மா. அதுல ஒரு தோஷமும் இல்ல."

அவள் ஆபீசிலும் அதையே சொன்னார்கள். வரைபடத்தில் இல்லாத கோயில் எப்படி வரும் என்றார்களாம். கோயில் இல்லாத அறிக்கையில் அவள் கையெழுத்துப் போடவில்லை. வேறு யாரோ போட்டார்கள். காகிதத்தில் நாங்கள் எல்லோரும் தப்பித்தோம். குடோனுக்கு அனுமதி கிடைத்தது. அவளுக்கு வேலை போயிற்று.

இப்போது லாரிகள் வந்து சிலிண்டர் இறக்கும் சத்தத்தில்தான் எனக்கு விடிகிறது. விளக்கேற்றும்போது பிள்ளையாரிடம் எதுவும் கேட்க வாய் வருவதில்லை. அவரை அங்கே உட்காரவைத்தது நாங்கள்தானே.

புனேயில் வேறு வேலை கிடைத்து அவள் கிளம்பிய அன்று, சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. பிரசாதம் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"நெசமாவே வெடிச்சா எந்தப் பக்கம் ஓடணும் வேதா?"

அவள் என் வீட்டைப் பார்த்தாள். பிறகு கோயில் பக்கம் பார்த்தாள்.

"ஓடாதீங்க அக்கா. அண்ணன் கையப் புடிச்சிக்கிட்டு உள்ளயே இருங்க."