இரண்டு மூடி

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சென்ற வாரம் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தார்கள். பழுப்பு நிறம், காது இன்னும் நிமிரவில்லை, ஐம்பது நாள் இருக்கலாம். மறுநாள் காலை அந்த வீட்டுப் பெண் கம்பி வேலியருகே வந்து நின்றார்.

“ஏனுங்ண்ணா, நீங்க நாய் வெச்சிருந்தீங்களாமா. எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெப்பீங்கன்னு சொன்னாங்க. சோறு எவ்வளவு வெக்கறது, எப்பக் குளிப்பாட்டறதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்குமுங்க.”

“எழுதித் தாரனுங்க.”

“உங்க நாய் என்னாச்சுங்ண்ணா?”

“செத்துப்போச்சுங்க.”

குட்டி வேலிக்கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது.

என்னிடம் நாயைப் பற்றி மட்டும் மூன்று நோட்டுகள் இருக்கின்றன. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தறிக்கூடத்தில் துணியில் குறை பார்ப்பது என் வேலை. உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துணிமேல் வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பழக்கம்தான் வீட்டிலும். நாயே அந்தக் கூடத்தின் கழிவு நூல் குவியலில் கிடைத்ததுதான். தாய் போட்ட நான்கில் அது ஒன்றுதான் பிழைத்திருந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெயர் என்று பெரிதாக ஒன்றும் வைக்கவில்லை. என் மனைவி ‘கண்ணு’ என்று கூப்பிட்டாள், அதற்கே திரும்பிப் பார்த்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆறு வருடம் எங்களோடு இருந்தது.

பேப்பரில் முதலில் சாப்பாட்டை எழுதினேன். மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. ஆறு மாதம் வரை மூன்று வேளை. அதன்பிறகு காலையும் மாலையும் போதும். ஒரே நேரம், ஒரே தட்டு. கால் மணி நேரத்தில் சாப்பிடாவிட்டால் தட்டை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நம்மைப் பழக்கிவிடும். கறியை உப்பு, காரம் இல்லாமல் தனியாக வேகவைத்து எலும்பை நீக்கிச் சோற்றில் பிசைய வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் எந்த வடிவிலும் கூடாது.

வெங்காயத்தை நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. மூன்றாம் வருடம் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்து மனைவி வெங்காயம் நிறையப் போட்டுக் கோழிக்குழம்பு வைத்தாள். மிஞ்சிய குழம்பை இரண்டு நாள் நாய்க்குப் பிசைந்து போட்டோம். மூன்றாம் நாள் அதன் ஈறு வெளுத்து, சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வந்தது. அதிலிருந்து வெங்காயம் நறுக்கிய பலகையைக்கூட மனைவி தனியாக வைத்தாள். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் ஒருவர், செத்த கோழிகளை நாய்க்குப் போடுங்கள் என்று சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். வாங்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போனார். இதையெல்லாம் எழுதுவது, நான் அசட்டையாக நாய் வளர்த்தவன் அல்ல என்பதற்காகத்தான். அதனால் இப்போது ஒரு பயனும் இல்லை என்பதும் தெரியும்.

அடுத்தது உடம்பு. வாரம் இருமுறை சீப்பால் வார வேண்டும், முதலில் முடி போகும் திசையில், பிறகு எதிர்த் திசையில். குளியல் மாதம் இரண்டு போதும், வெயில் வந்தபிறகு. காதுக்குள் தண்ணீர் போகாமல் பஞ்சு வைத்து, குளித்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். தினமும் உண்ணி பார்க்க வேண்டும். காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கு, வாலடி. இந்த வரிசையில்தான் நான் பார்ப்பேன். எத்தனை எடுத்தேன் என்பதை எழுதுவேன்.

இந்த இடத்தில் பேனா நின்றது.

போன கோடையில் உண்ணி கட்டுக்கடங்காமல் போனது. பக்கத்துக் காலி மனையில் யாரோ ஆட்டுப்பட்டி போட்டதிலிருந்து தொடங்கியது. நோட்டில் திங்கள் ஆறு, செவ்வாய் பதினொன்று, வியாழன் இருபத்து மூன்று என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை நாற்பது தாண்டியதும் எண்ணுவதை விட்டேன். சுவரில் ஏறின. ஜன்னல் திரையில் இருந்தன. நாய் சொறிந்து சொறிந்து முதுகிலும் தொடையிலும் ஒன்பது இடத்தில் புண். அந்த ஞாயிறு எங்கள் சர்ச்சில் தேர்த்திருவிழா. மனைவியின் தம்பி குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருவதாக இருந்தது. அவன் கைக்குழந்தையைத் தரையில் விடுவார்கள். அதுதான் என் கவலையாக இருந்தது. நாயின் புண் எனக்கு இரண்டாவதாகத்தான் பட்டது.

அந்த மச்சினனுக்கே போன் செய்தேன். அவன் தென்னந்தோப்பில் நான்கு மாடு வைத்திருக்கிறான்.

“மாட்டுக்கு உண்ணிக்கு என்ன மாப்ள ஊத்தறே?”

“ஏனுங் மச்சா, நாங்க வாரோம்னு ஊட்டையே சுத்தம் பண்றீங்களாட்ட இருக்குது” என்று சிரித்தான். பிறகு மருந்தின் பெயரைச் சொன்னான். “அரை பக்கெட் தண்ணிக்கு ரெண்டு மூடிங்க. அஞ்சு லிட்டர் வரும். ஒடம்பு பூரா தொடச்சு உட்டா மறுநாள் ஒன்னு இருக்காது. எங்கூட்டு நாய்க்கும் அதேதானுங்க.”

எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் மருந்தை மூடியில்தான் அளப்பார்கள். கடைக்காரரும் மூடியில்தான் சொல்வார். சிறிய பாட்டில் தீர்ந்துவிட்டது என்றார் அவர், ஒரு லிட்டர் பாட்டிலாக வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி. மூடி என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் மூடியில் தண்ணீர் நிரப்பி, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தேன். இருபது மில்லி இருந்தது. நோட்டில் எழுதினேன்: ‘தண்ணீர் 5 லிட்டர். மருந்து 2 மூடி = 40 மி.லி.’ அளவு சரியாக எழுதப்பட்டுவிட்டது என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. பாட்டிலில் ஒட்டியிருந்த சிறு எழுத்தைப் படிக்கவில்லை.

“புண்ணு இருக்குதுங்களே, எரியாதா?” என்றாள் மனைவி.

“கொஞ்ச நேரந்தான்.”

“நக்கிப்போடுமுங்க.”

“கட்டிப்போட்டா நக்காது.”

சங்கிலியால் கட்டினால் வாய் எங்கே எட்டாது என்று நான் நினைத்தேனோ தெரியவில்லை. உடம்பு முழுவதும் துணியால் நனைத்துத் துடைத்தேன். நாய் அசையாமல் நின்றது. என் கை பட்டால் எப்போதும் அப்படித்தான் நிற்கும். வெயிலில் கட்டிவிட்டுச் சுவர் கழுவப் போனேன்.

பத்தரைக்கு வாயில் நுரை வந்தது. பிறகு தொடையில் தோல் தனியாகத் துடித்தது. எழுந்து நிற்கப் பார்த்துப் பக்கவாட்டில் விழுந்தது. மனைவி பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினாள், நான் வண்டிக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை வலிப்பு வந்தது. மனைவி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “இரு கண்ணு, வந்துட்டோம் கண்ணு” என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கால்நடை மருத்துவர் நடுவயதுப் பெண். ஊசி போட்டு, மறுபடி ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, நரம்பில் மருந்து ஏற்றிவிட்டுப் பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

“எவ்வளவு கலந்தீங்க?”

நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். எடுத்து வாசித்தேன்.

“நாப்பதா? அஞ்சு லிட்டருக்குப் பத்துதான் போடணும். அதுவும் புண்ணு ஆறினதுக்கப்புறம். லேபிள் படிச்சீங்களா?”

“மாட்டுக்கு ஊத்தற அளவுங்க” என்றேன். “மச்சினன் சொன்னது.”

அந்தக் கடைசி இரண்டு சொல்லை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். மனைவி தலைநிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் குரல் கேட்டது.

“மாட்டுக்கும் நாய்க்கும் ஒன்னாடா? எதையாச்சும் யோசிச்சுச் சொல்றதில்லையா நீ? ... ரெண்டு மூடிதான், ரெண்டு மூடிதான்னு இன்னும் அதையே சொல்லு... வர வேண்டாம். நாளைக்கு ஒருத்தரும் வர வேண்டாம்.”

ஞாயிறு மதியம் மருத்துவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். இங்கேயே இருந்தாலும் மாற்றம் இருக்காது, விருப்பமிருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். கொண்டுவந்தோம். மூன்று நாற்பதுக்குச் செத்தது. எடை பதினான்கு கிலோ இருநூறு. மாலையில் தேர் வந்தது. மனைவி கதவைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டும்போது, நாயின் கால்விரல் இடுக்கில் ஒரு உண்ணி உயிரோடு இருப்பதைப் பார்த்தேன். எடுத்து நசுக்கினேன்.

அதன்பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அவன் பலமுறை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவனுடைய பசு கன்று போட்டது. முறைக்கு ஒருவராவது போக வேண்டும் என்று நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன்.

மாட்டுக் கொட்டகையில் கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூணில் அடித்த பலகைமேல் அந்த மருந்து இருந்தது. அதே பெயர், அதே நிறம். ஆனால் என் உள்ளங்கையில் அடங்கும் பாட்டில். மூடியைத் திருகி எடுத்தேன். உட்புறத்தில் 5 என்று அச்சடித்திருந்தது. இரண்டு மூடி என்றால் பத்து மில்லி. மருத்துவர் சொன்ன அளவு.

மூடியை மாட்டிப் பாட்டிலை அதே இடத்தில் வைத்தேன். மச்சினன் டீயோடு வந்தான்.

“என்னாலதானுங் மச்சா” என்றான். “அந்த வாயில்லா சீவனைக் கொன்னுபோட்டேன். அக்கா எம்மூஞ்சியவே பாக்க மாட்டீங்குது. நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“சொல்றேன்” என்றேன்.

டீயைக் குடித்தேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: ‘மச்சினன் பாட்டில், மூடி 5 மி.லி.’ தேதியும் போட்டேன். வேறு எதுவும் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. இன்று சொல்லலாம், ஞாயிறு சொல்லலாம் என்று ஐந்து மாதம் போனது. நோட்டில் இருக்கிறது, எதையும் மறைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நோட்டை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பேப்பரில் பேனா நின்றது அங்கேதான். நாயைக் கொன்ற ஒன்றை விட்டுவிட்டு வெங்காயத்தையும் சீப்பையும் எழுதிக்கொடுக்க முடியவில்லை. எழுதினேன்: ‘உண்ணி மருந்து மருத்துவர் எழுதிக்கொடுப்பதை மட்டும். மூடியில் அளக்கக் கூடாது. பாட்டிலுக்குப் பாட்டில் மூடி மாறும். சிரிஞ்சில் அளந்து, லேபிளைப் படித்துப் போட வேண்டும். புண் இருந்தால் போடவே கூடாது. காயும்வரை நக்காமலிருக்கக் கழுத்தில் வளையம் கட்ட வேண்டும்.’

சாப்பாட்டு அளவில் ஏதாவது விட்டிருக்கிறேனா என்று பார்க்க மனைவி பேப்பரை வாங்கினாள். விரல் வைத்து வரிவரியாகப் படிப்பது அவள் வழக்கம். விரல் பாதிக்குக் கீழே வந்து நின்றது.

“பாட்டிலுக்குப் பாட்டில் மூடி மாறுங்களா?”

“மாறும்.”

“நம்மது எவ்வளவு?”

“இருபது.”

“தம்பியோடது?”

“அஞ்சு.”

அவள் கணக்குப் போட நேரம் எடுக்கவில்லை. “எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“கன்னு பார்க்கப் போனப்ப.”

பேப்பரை மேசைமேல் வைத்தாள். மடிப்பு விழுந்த மூலையை நீவிவிட்டாள். பிறகு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“நாந்தான் சாமி” என்றாள். “சாப்பிட்டியா?” சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “கன்னு எப்படி இருக்குது? ... ம். ... இரு, மச்சான் உங்கிட்ட ஒன்னு சொல்லோணுமாம்.”

போனை என் பக்கம் நீட்டினாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் சொன்னேன். பாட்டில், மூடி, இருபது, ஐந்து, கொட்டகையில் பார்த்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவன் பக்கம் தோப்பில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முடித்தபோது அந்தச் சத்தமும் நின்றது. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

“அப்ப நாஞ்சொன்னது சரிதானுங்களா மச்சா?” என்று கேட்டான்.

“சரிதான் மாப்ள.”

“அக்காகிட்டக் குடுங்க.”

கொடுத்தேன். அவள் போனோடு பின்பக்கம் போய், நாயைப் புதைத்த இடத்துக்கு அருகே துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் குட்டி கத்திக்கொண்டிருந்தது, அதற்குச் சாப்பாட்டு நேரம். பேப்பரில் நகம் வெட்டுவது மட்டும் பாக்கியிருந்தது. வெள்ளை நுனியை மட்டும் வெட்ட வேண்டும், உள்ளே ரத்தக்குழாய் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் மடித்தேன்.