ஆறு கிலோமீற்றர்தானே என்று பாவா ஆதம் மலைக்குப் போனோம்

என் நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, வயது ஐம்பத்தாறு, பாலாவி உப்பளத்தில் வேலை. போன வருஷம் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எழும்பி நடந்தால் ஒரு தடவை பாவா ஆதம் மலைக்குப் போவேன் என்று நேர்ந்துகொண்டார். ஆதம் நபியின் காலடி பதிந்த இடமென்று சிவனொளிபாத மலையைத்தான் முஸ்லிம்கள் நாங்கள் அப்படிச் சொல்வோம். அதற்காக இந்தப் பெப்ரவரியில் போனோம். வந்து மூன்று கிழமையாகியும் எனக்கு அதிர்ச்சி விடவில்லை. நெஞ்சு வருத்தக்காரரை அங்கே கூட்டிப்போக நினைக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு வேனுக்குச் சொல்லுங்கள்.

பாதையைத் தெரிவுசெய்தது நான். நுரைச்சோலையில் கணக்கு டீச்சராக இருக்கிறேன், அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. இரத்தினபுரி பலாபத்தலை வழி கிட்டத்தட்டப் பதினொரு கிலோமீற்றர், குருவிட்ட எரத்ன வழி பன்னிரண்டு, அட்டன் நல்லதண்ணி வழி ஆறு. ஆறுதான் சின்னது. அத்தோடு என் ஆராய்ச்சி முடிந்தது. எங்கள் ஊரில் உயரமான பொருள் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி ஒன்றுதான். வீட்டு வாசலில்கூட இரண்டு படிதான் இருக்கிறது.

ஒரு மாதம் முழுக்க மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நானாவும் நானும் கடற்கரை வரை போய்வந்தோம். சரியாக ஆறு கிலோமீற்றர், ஒரு மணி இருபது நிமிடம். நானாவுக்கு மூச்சு வாங்கவேயில்லை, எனக்குத்தான் கால் உளைந்தது. புத்தளம் கிளினிக்கில் டொக்டரிடம் கேட்கும்படி ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தேன். ஓம் என்று சொல்லிவிட்டார் என்று நானா சந்தோஷமாக வந்தார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வேனில் புறப்பட்டோம். குருநாகல், கேகாலை, கித்துல்கல, அட்டன் வழியாக நல்லதண்ணிக்கு 265 கிலோமீற்றர். சேரும்போது மாலை நாலரை. இரண்டு நாளுக்கு வேன் 58,000 ரூபா, அறை ஒன்று 6,000. இரவில் ஏறுவதுதான் வழமை. நாங்கள் சுபஹு தொழுதுவிட்டு ஆறு பத்துக்கு நடக்கத் தொடங்கினோம்.

வெள்ளைப் புத்த தூபி வரை ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர், இலேசான ஏற்றம். தேநீர்க் கடைகள், ஓடைச் சத்தம், நல்ல குளிர். நானா கதைத்துக்கொண்டே வந்தார். ஏழு மணிக்குத் தூபியடிக்கு வந்துவிட்டோம். என் தெரிவை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு படி. முழங்கால் உயரத்தில் சில, வளைவு திரும்பினால் இன்னும் செங்குத்தாகச் சில. ஐயாயிரத்துக்கு மேல் படி என்று இணையத்தில் வாசித்திருந்தேன். வாசித்தது மூளையில் ஏறவில்லை.

எட்டு நாற்பதுக்கு நானா ஒரு படியில் குந்தினார். அந்தக் குளிரிலும் சேர்ட் நனைந்திருந்தது, உதடு வெளிறிப் போயிருந்தது. நல்லவேளை, பத்துப் படி மேலே முதலுதவிக் கொட்டில். அங்கிருந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளை இறங்கி வந்து பிரஷர் பார்த்தாள். 190க்கு 110.

"இவருக்கு நெஞ்சு வருத்தம் இருக்காங்க?" என்று கேட்டாள். சொன்னேன்.

"எந்த டாக்டருங்க ஏறச் சொன்னாரு?"

நானா சேர்ட் பையிலிருந்து நாலாக மடித்த துண்டை எடுத்து நீட்டினார். என் கையெழுத்து: 'இவர் ஆறு கிலோமீற்றர் நடக்கலாமா?' அதற்குக் கீழே டொக்டர், 'நடக்கலாம், மெதுவாக' என்று எழுதி ஒப்பம் வைத்திருந்தார்.

மலை என்ற சொல் அதில் இல்லை. படி என்ற சொல்லும் இல்லை. இரண்டு தடவை வாசித்தேன். புத்தளத்து டொக்டர் புத்தளத்து ரோட்டை நினைத்துத்தானே எழுதியிருப்பார்.

"மலையெண்டு அவருக்கிட்டச் சொல்லல்லயா நானா?"

"நீ எழுதித் தந்தத்தத்தான் காட்டின நான். கணக்குப் பாத்து எழுதினதுதானே, பிழைக்காதெண்டு நெனச்சன்."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

முக்கால் மணி படுக்கவைத்த பிறகு, இரண்டு தொண்டர்கள் பிடித்துக் கீழே இறக்கினார்கள். இறங்கும்போதுதான் முழங்கால் இன்னும் மோசமாக நடுங்கும் என்பதையும் அன்றுதான் கண்டேன். தூபியடியில் நானாவை உட்காரவைத்தோம். உச்சி தெளிவாகத் தெரிந்தது. நானா அதைப் பார்த்துக் கையேந்தி துஆ கேட்டார். நான் பக்கத்தில் நின்று அழுதேன்.

போகிறவர்களுக்கு: பௌர்ணமிப் போயா நாளும் வார இறுதியும் வேண்டாம், சனம் நெரியும். திடகாத்திரமானவருக்கு நல்லதண்ணி வழி சரி, ஏற நாலு மணி நேரம் வையுங்கள். பயிற்சிக்குக் கடற்கரை உதவாது. மாடிக் கட்டிடம் ஒன்றைத் தேடி ஏறி இறங்குங்கள். வருத்தக்காரருக்கு வெள்ளைத் தூபிதான் முடிவிடம். டொக்டரிடம் தூரத்தைச் சொல்லாதீர்கள், படியைச் சொல்லுங்கள், படத்தையும் காட்டுங்கள்.

திரும்பி வந்து நான் அப்படித்தான் காட்டினேன். டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார். மருந்தை மாற்றினார். ஆறு மாதம் போகட்டும், தூபி வரை மட்டும் என்றார்.

நேற்று நடந்து வரும்போது நானா கேட்டார்: "தூபி வரைக்கும் எத்தின கிலோமீற்றர், தங்கச்சி?"

விடை எனக்குத் தெரியும். கிலோமீற்றரை விட்டுவிட்டு, போனில் அந்தப் பாதையின் படத்தை எடுத்துக் காட்டினேன்.