இருமி இறங்கிய வாத்தியார்

மோங்காக்கிலிருந்து குவுன் டோங் போகிற சிவப்பு மினிபஸ்ஸை ஓட்டும் மோக்குக்குப் பதினோரு வருஷமாக ஒரு மனக்குறை. மனைவியிடம் சொல்லிப் பார்த்தான், ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம் சொல்லிப் பார்த்தான், ஒரு தடவை லைசென்ஸ் கேட்ட போலீஸ்காரரிடம்கூடச் சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குறை இதுதான்: வெள்ளைக்கார வாத்தியார் நெவில் சார் வண்டியில் ஏறினால் வாயைத் திறப்பதில்லை. இருமுகிறார்.

சிவப்பு மினிபஸ்ஸில் மணி கிடையாது. இறங்க வேண்டியவர் கத்த வேண்டும். டிரைவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையைத் தூக்குவான். கேட்டுவிட்டது என்று அர்த்தம். கூச்சப்பட்டு முனகினால் ரெண்டு தெரு தள்ளித்தான் இறங்க முடியும். பல் போன பாட்டிகள் கத்துகிறார்கள், பால்பல் பிள்ளைகள் கத்துகின்றன. இந்த ஒரு மனுஷன் மட்டும் டிரைவருக்குப் பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, மீன் மார்க்கெட் நெருங்கியதும் ரெண்டு இருமல் இருமுவார். முதல் வருஷம் மோக்குக்கு அது விளங்கவில்லை. விளங்கிய பிறகு எரிச்சல்தான் கூடியது.

"பதினோரு வருஷம் இங்க சோறு தின்னுட்டு, இறங்கணும்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. என் வண்டி என்ன காசநோய் ஆஸ்பத்திரியா?" என்று பால் டீ குடிக்கும்போதெல்லாம் பொருமுவான்.

அந்தப் பொருமலோடு ஒருநாள் சிக்னலில் நின்றபோதுதான் எதிர்க் கட்டடத்தில் புதிதாக மாட்டியிருந்த அந்தப் போஸ்டரைப் பார்த்தான். ரெண்டு மாடி உயரத்துக்கு நெவில் சார் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். 'பயப்படாதே, வாயைத் திற!' என்று கொட்டை எழுத்து. கீழே சின்னதாக, 'எங்கள் ஆசிரியருக்கு உள்ளூர்ப் பாஷை கான்டனீஸ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. பிள்ளைகள் இங்கிலீஷில்தான் பேசியாக வேண்டும். உத்தரவாதம்!' ஆறு மாசமாக மோக்கின் மகள் சிங்யாவ் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்த டியூஷன் சென்டர் அது. சேர்த்தது மனைவி. மோக்குக்குக் கட்டடம் தெரியும், அங்கே பாடம் நடத்துகிறவர் இவர்தான் என்று தெரியாது. மகளோ சார், சார் என்பாளே தவிர, அந்தச் சார் அப்பாவின் வண்டியில் இருமுகிறவர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மோக் நாலாம் வகுப்போடு நிறுத்தியவன். அவனுக்கு அது நியாயமாகப் படவில்லை. வாயே திறக்காதவன் என் பிள்ளையை வாயைத் திறக்க வைக்கப்போகிறானா? ஆனாலும் மறுநாள் ஸ்டாண்டில் என்ன பேசினான் தெரியுமா?

"எங்க வாத்தியாருக்கு நம்ம பாஷை ஒரு சொட்டுகூடக் கிடையாதுப்பா. சுத்தமான சரக்கு!"

ஒரு லீவு நாளில் மீன் வாங்க அந்த மார்க்கெட்டுக்கே போனான். கடைசிக் கடையில் யாரோ கறார் பேரம் பேசுகிற சத்தம் கேட்டது.

"என்னக்கா, இந்த மீனு போன வாரமே செத்திருச்சு. இன்னும் கருமாதி பண்ணாம வச்சிருக்கியே!"

"போய்யா பேயே, நீ மட்டும் உசுரோடயா இருக்க?" என்றாள் மீன்காரி.

சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான் மோக். பேரம் பேசியது நெவில் சார். மோக்கைப் பார்த்ததும் சாரின் முகம் ஐஸில் கிடந்த மீனைவிட வெளுத்துப்போனது. வேறு வழி தெரியாமல் இருமினார்.

"மீனுக்கும் இருமலா சார்?" என்றான் மோக்.

சார் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டீக்கடையின் மூலை மேஜையில் உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். வெளிய விட்றாதீங்க."

"ஏன் சார், பாஷை தெரிஞ்சா குத்தமா?"

"குத்தம்தான். சென்டர் ஓனர் மிஸ் ஃபூங்கோட ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. பெத்தவங்க காதுபட ஒரு வார்த்தை பேசினாலும் அன்னிக்கே வேலை போயிரும். வேலை போனா விசா போச்சு. எனக்கு அம்பத்தேழு வயசு. இந்த வயசுல எவன் புதுசா எடுப்பான்? உங்க வண்டியில எந்நேரமும் ரெண்டு அம்மாக்காரிங்க உக்காந்திருக்காங்க. நான் எப்படிக் கத்துவேன்?"

"ஊருக்குப் போகவேண்டியதுதானே?"

"ஊர்ல ஒரு தங்கச்சி இருக்கா. போன்ல அவ பேசறது இப்ப எனக்குப் பாதி புரியல. எனக்கு மீன் மார்க்கெட்டுக்கு மேல ஒரு அறை இருக்கு. படுத்துக்கிட்டே அடுப்பை அணைக்கலாம், அவ்வளவு வசதி. கீழ இருக்கவங்கதான் எனக்குப் பேசக் கத்துக்குடுத்தாங்க. அதான் என் பேச்சுல இவ்வளவு செதில்."

மோக்குக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. சுத்தமான சரக்கு என்று ஸ்டாண்டில் பீத்திக்கொண்டது ஞாபகம் வந்தது. சென்டருக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்றுகூட யோசித்தான். டீ ஆறுகிற வரைக்கும் யோசித்துவிட்டு, "சரி, இருமித் தொலைங்க" என்றான்.

அதற்குப் பிறகு அந்த இருமல் அவனுக்கு உறுத்தவில்லை. வண்டி மார்க்கெட்டை நெருங்கும்போது அவனே கண்ணாடியில் பார்த்து, "என்ன சார், இன்னிக்குத் தொண்டை எப்படி?" என்பான். புரியாத மாதிரி சார் ஜன்னலைப் பார்ப்பார். நல்ல நடிகர்.

நாலு மாசம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு விட்டு வண்டி நிறைந்திருந்தது. சார் வழக்கமான சீட்டில். அவருக்குப் பின்னால் மூன்று அம்மாக்கள், பிள்ளைகள். சிங்யாவ் முன்சீட்டில் அப்பா பக்கத்தில். ஒரு கிழவி, காய்கறி போட்டு இழுக்கிற சின்னத் தள்ளுவண்டியோடு இறங்கினாள். ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு அவள் காசை நிதானமாகப் பொறுக்கிப் போட, பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். மோக் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி லாரிக்காரனின் குடும்பத்தையே விசாரித்துக்கொண்டு, பார்க்காமலே கதவை மூடினான். தள்ளுவண்டியின் பிடி கதவில் சிக்கிக்கொண்டது. பிடியின் வார் கிழவியின் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. வண்டி நகர்ந்தது.

பார்த்தது நெவில் சார் ஒருவர்தான். பதினோரு வருஷப் பழக்கம் அல்லவா? இருமினார்.

"இன்னும் மார்க்கெட் வரல சார்" என்றான் மோக், முன்னால் பார்த்தபடி.

சார் மறுபடியும் இருமினார். குடல் வெளியே வருகிற மாதிரி இருமினார்.

"பொறுங்க சார், அஞ்சு நிமிஷம். உங்களை விட்டுட்டா போயிருவேன்?" மோக் கையை வேறு தூக்கிக் காட்டினான். கிழவி வெளியே தத்தித் தத்தி ஓடிவந்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் எழுந்தது. மார்க்கெட்டில் கடைசிக் கடைவரை கேட்கிற குரல்.

"டேய் நாசமாப் போறவனே, நிறுத்துடா வண்டிய! கிழவி கதவுல மாட்டியிருக்காடா! கண்ணு உனக்குப் பொடனியிலயா இருக்கு?"

இடையில் இன்னும் ரெண்டு வார்த்தை இருந்தது. அதை எழுத முடியாது.

மோக் பிரேக்கை மிதித்தான். கதவு திறந்தது. கிழவிக்கு மணிக்கட்டில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அவள் மோக்கின் மூன்று தலைமுறையைத் திட்டிவிட்டுத் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனாள். வண்டிக்குள் எல்லாத் தலையும் சாரின் பக்கம் திரும்பியது. பிறகு ஓர் அம்மாள் பிள்ளையின் காதைப் பொத்தினாள். இன்னொருத்தி போனை எடுத்தாள்.

"மிஸ்டர் நெவில்," என்றாள் மூன்றாமவள், "நீங்க மீன் விக்கிறவன் மாதிரி பேசறீங்க!"

சார் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டார். இருமவில்லை.

திங்கட்கிழமை போஸ்டரைக் கழற்றிவிட்டார்கள். தப்பு தன்னுடையது என்று மோக்குக்குத் தெரியும். துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மிஸ் ஃபூங்கைப் பார்க்கப் போனான்.

"மேடம், அவரு ஒரு உசுரைக் காப்பாத்தியிருக்காரு. கதவை மூடினது நான்தான்."

"யாரு இல்லேன்னாங்க?" என்றாள் மிஸ் ஃபூங். "அதை இங்கிலீஷ்ல காப்பாத்தியிருக்கலாமே."

"இங்கிலீஷ்ல கத்தினா எனக்கு எப்படிம்மா விளங்கும்?"

"அதுக்குத்தான் உங்க மாதிரி பெரியவங்களுக்கும் சாயங்கால வகுப்பு நடத்தறோம். சேர்ந்துக்கறீங்களா? பொண்ணு இங்க படிக்கறதால சலுகை உண்டு."

புது வாத்தியார் ஏற்கனவே அடுத்த அறையில் இருந்தான். இருபத்திரண்டு வயசு, சோளக்கதிர் முடி, ஊருக்கு வந்து ஒன்பது நாள். எந்தத் தேசம் என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்குக் கான்டனீஸ் தெரியாது; அது போதும். வீட்டில் சிங்யாவ் அவனைப் பற்றி வாயே திறக்கவில்லை. நெவில் சார் அன்றைக்கு வண்டியில் சொன்ன அந்த ரெண்டு வார்த்தையைத்தான் உச்சரிப்புப் பிசகாமல் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சார் நாலைந்து சென்டர்களில் ஏறி இறங்கினார். அம்மாக்களின் போன் அவருக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போய்விட்டிருந்தது. விசா முடிவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வழக்கமான இடத்தில் ஏறி வழக்கமான சீட்டில் உட்கார்ந்தார். மடியில் பை இல்லை.

"நாளைக்கா சார்?" என்றான் மோக்.

"காலையிலண்ணே. மீன்காரி அக்கா வழிக்குக் கருவாடு கட்டிக் குடுத்திருக்கா. ஏர்ப்போர்ட்ல என்ன சொல்லப்போறானோ."

"என்னாலதான் சார் எல்லாம்."

"விடுங்க. ஒரு உதவி மட்டும் பண்ணுங்க."

"சொல்லுங்க."

"இன்னிக்கு மார்க்கெட் வந்தா நீங்களா மெதுவாக்காதீங்க. நான் கத்துவேன். அதுவரைக்கும் பிரேக்ல கால் வைக்காதீங்கண்ணே. கத்தினதும் அந்தக் கையை மட்டும் தூக்கிருங்க."