இயந்திரம் பார்த்த இடம்

முதலில் சிவப்பைத்தான் அழிப்பாள். தோல் மருத்துவமனையின் பின்பக்க அறையில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவளுடைய மேசை. மச்சத்தின் படத்தைப் பார்த்து நல்லதா, புற்றுநோயா என்று சொல்லும் கணினி, எதை வைத்து அப்படிச் சொன்னது என்று காட்டுவதற்காகப் படத்தின்மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டை அப்பி அனுப்பும். அதைப் பார்த்ததும் நோயாளிகள், "இவ்வளவு தூரம் பரவிடுச்சா?" என்று கலங்கிப்போவார்கள். அவள் திட்டை நீக்கிவிட்டு, கணினி கவனிக்காத இடத்தையெல்லாம் இருட்டாக்குவாள். கவனித்த இடம் மட்டும் வெளிச்சமாக நிற்கும்.

புது மாதிரிப் படம் ஒன்று செய்துவிட்டால் நேரே வாசல் காவலாளியிடம் போய், "புரியுதா?" என்பாள். அவர் புருவம் சுருங்கினால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவாள். "பொண்ணு பார்த்தப்பகூட நான் இத்தனை படம் பார்க்கலம்மா" என்று அவர் அலுத்துக்கொள்வார். ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயரே 'புரியுதாக்கா'.

இந்த இருட்டடிக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே அவளுடைய அக்காவின் முதுகு மச்சம் அந்தக் கணினிக்குப் போயிருந்தது. பயமில்லை என்றது கணினி. சிவப்புத் திட்டு மச்சத்தின்மேல் நன்றாகப் படிந்திருந்ததால் டாக்டரும் நம்பினார், இவளும் நம்பினாள். போன மழைக்காலத்தில் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

சென்ற வாரம் அக்காவின் கணவர் வந்தார். "ஊருக்கெல்லாம் புரியவைக்கிற. அது எதைப் பார்த்து அப்படிச் சொல்லுச்சுன்னு எனக்கும் காட்டும்மா" என்றார். அதுவரை அவள் அந்தப் படத்தைத் திறந்ததே இல்லை. கணினி மக்கர் செய்கிறது என்றாள், டீ குடித்துவிட்டு வரலாம் என்றாள். அவர் ஸ்டூலைவிட்டு அசையவில்லை.

திட்டை நீக்கினாள். படம் மெல்ல இருண்டது. வெளிச்சத்தில் எஞ்சியது, அடையாளத்துக்காக மச்சத்தை ஒட்டி நர்ஸ் வைத்த பச்சை ஸ்டிக்கர் ஒன்றுதான்.

"அதுக்குக் கத்துக்கொடுத்த படங்கள்ல ஸ்டிக்கர் இருந்ததெல்லாம் நல்ல மச்சம், அத்தான். ஸ்டிக்கரைப் பார்த்தா நல்லதுன்னு சொல்லப் பழகிடுச்சு. சிவப்புத் திட்டு மச்சம், ஸ்டிக்கர் ரெண்டையும் சேர்த்து மூடியிருந்ததால யாருக்கும் தெரியல."

ஒளித்துப் பேச அவளுக்கு வரவில்லை. அவர் திரைக்கு அருகே குனிந்தார்.

"அப்ப அவளை அது பார்க்கவே இல்லையா?"

"இல்ல, அத்தான்."

இருட்டுக்குள் மங்கலாகத் தெரிந்த அக்காவின் முதுகின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.